அம்பாசிடரில் ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

பெயின்ட், சீட் தையல், குரோம் வேலை எல்லாம் முடிந்து வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டது. ஏ.சி. ஸ்விட்சைத் தட்டினால் வெறும் காற்றுதான் வருகிறது. பழனிசெட்டிபட்டியில் ஏறினால் வீரபாண்டி போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. யாரிடம் காட்டினாலும் ஒரே பதில்தான்: “கேஸ் இல்லண்ணே, போட்டா சரியாயிடும்.”

போட்டால் சில நாள் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. குறையாமலே குளிரவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில். இரண்டில் எது என்று தெரியாமல் கேஸ் போடுவது காசைக் காற்றில் விடுவதுதான். புதிதாகச் சீர்செய்த வண்டிகளில் பாதிக் கோளாறு கேஸில் இருப்பதில்லை. சீர்செய்த வேலையிலேயே இருக்கும். அதனால் இந்த அத்தியாயத்தில் கேஸ் கடைசியில்தான் வருகிறது.

உங்கள் வண்டியில் இருப்பது என்ன?

உத்தர்பாராவில் 2014 மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் போட்ட பழைய வண்டிகளில் ஏ.சி. இருந்தால், அது பெரும்பாலும் பிற்பாடு வெளியே மாட்டியது. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டி, இன்ஜின் பக்கத்தில் பட்டை வைத்து வெல்டு செய்த பிராக்கெட், அதன்மேல் ஒரு கம்ப்ரசர். 1990-களில் வந்த 1.8 இசுசு இன்ஜின் வண்டிகளுக்கு ஏ.சி. சுமை பெரிய பாரமில்லை. பத்மினி, கான்டெசா வைத்திருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

கம்ப்ரசர் மேலுள்ள ஸ்டிக்கரையும் கேஸ் ஏற்றும் வால்வையும் முதலில் பாருங்கள். திருகி மாட்டும் சின்ன மரை இருந்தால் அது ஆர்-12 காலத்து அமைப்பு. சொடுக்கி மாட்டும் தடித்த வாய் இருந்தால் ஆர்-134ஏ. மரை வால்வு இருப்பதால் உள்ளே ஆர்-12 தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இந்தியாவில் சி.எஃப்.சி. வாயுக்கள் 2010 ஜனவரி 1-க்குள் ஒழிக்கப்பட்டன. அதன் பிறகு உள்ளே யார் எதை ஏற்றினார்கள் என்பது ஏற்றியவருக்கே வெளிச்சம்.

கை வைப்பதற்கு முன்

- கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்-134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து.
- கேஸ் உள்ளே இருக்கும்போது எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள். கேஸைத் திறந்துவிடுவதும் கூடாது. ரெக்கவரி மெஷின் உள்ள ஏ.சி. கடையில் கொடுத்து இறக்குங்கள்.
- லீக் பார்க்க ஆக்சிஜன் சிலிண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்றும் வேண்டாம். நைட்ரஜன் மட்டும்தான், அதுவும் ரெகுலேட்டர் வைத்து.
- லைட்டர், தீக்குச்சி வைத்து லீக் தேடுவது பழைய பழக்கம். ஆர்-12 தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.
- அடுப்பு கேஸை ஏற்றி, “நல்லா கூலிங் அடிக்குது” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குளிரும் என்பது உண்மை. கூலிங் காயில் கசிந்தால் அந்த வாயு சேர்வது உங்கள் காலடியில், அடைத்த கேபினுக்குள். வேண்டாம்.
- விலை மலிவாகக் கிடைக்கும், பெயர் தெரியாத சிலிண்டரை வாங்காதீர்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்து விற்ற கேஸால் 2011-ல் கப்பல் கன்டெய்னர்களின் குளிர்பதன மெஷின்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கம்ப்ரசருக்குள் இருக்கும் அலுமினியத்தோடு அது வினைபுரிவதுதான் காரணம்.
- ஓடும் இன்ஜினில் பெல்ட், ஃபேன் பக்கம் துண்டு, தொங்கும் வயர், தளர்ந்த சட்டைக் கை எதுவும் போகக்கூடாது.

எடுத்து வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர், சின்னத் தெர்மாமீட்டர், மேனிஃபோல்டு கேஜ், உப்புத்தாள், சோப்புத் தண்ணீர், ஃபீலர் கேஜ், நல்ல டார்ச். வேக்கம் பம்ப் சொந்தமாக வேண்டியதில்லை, வாடகைக்கோ தெரிந்த கடையிலோ பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சுற்று: கரன்ட்

1. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போடுங்கள். கம்ப்ரசர் முகப்பில் “டக்” என்று சத்தம் வந்து நடுத்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். புல்லி மட்டும் சுற்றி நடுத்தட்டு நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை.

2. கிளட்ச் வயரில் வோல்டேஜ் பாருங்கள். 12-க்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, தெர்மோஸ்டாட், பிரஷர் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பின்னால் போங்கள். வோல்டேஜ் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் காயிலின் ஓம்ஸ் அளவை எடுங்கள். 3 முதல் 4 வரை காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி சுமார் 0.4 முதல் 0.8 மி.மீ. தேய்ந்து இடைவெளி அதிகமானால், காலையில் பிடிக்கும் கிளட்ச் மதியச் சூட்டில் பிடிக்காது.

3. இப்போது எர்த். சீர்செய்த வண்டிக்கென்றே உள்ள கோளாறு இது, கொஞ்சம் நின்று பாருங்கள். பாடியை ராவி, பிரைமர் அடித்து, இரண்டு மூன்று கோட் பெயின்ட் போட்டு, அதன் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஹாரன் அடிக்கும், லைட் எரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏ.சி.யில் மட்டும் புளோயர் சோம்பிச் சுற்றும், கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும். சோதனை சுலபம். ஏ.சி. ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், மறுமுனையைக் கம்ப்ரசர் உடம்பில் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. புளோயரின் எர்த் வயரிலும் இதேபோலப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி, வயரின் வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பட்டை எர்த்தைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள், அதையும் தேடிப் பாருங்கள்.

4. வண்டியில் டைனமோவா, ஆல்டர்னேட்டரா? பழைய லூகாஸ் டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். புளோயருக்கு 10-க்கு மேல், கன்டென்சர் ஃபேனுக்கு இன்னொரு 10, கிளட்ச்சுக்கு 4, ஹெட்லைட்டுக்கு 10. ஏ.சி. போட்டு ராத்திரிப் பயணம் போனால் பேட்டரி படுத்துவிடும். ஆல்டர்னேட்டர் மாற்றாமல் ஏ.சி.யைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

*கவனிக்க:* மிகப் பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்திருப்பது உண்டு. ஆல்டர்னேட்டரோ ஃபேனோ வாங்கி மாட்டும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். மாறி இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு ஒரே நொடியில் போய்விடும்.

*பொதுவான தவறு:* பிரஷர் ஸ்விட்சைத் துண்டு வயரால் இணைத்துவிட்டு ஓட்டுவது. கேஸ் இல்லாத கம்ப்ரசரில் எண்ணெய் சுற்றாது. அப்படியே ஓடினால் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிடிக்கிறதா என்று ஒரு நொடி பார்க்கலாம், அதுவும் இன்ஜின் நிற்கும்போது, பியூஸ் வைத்த வயரால்.

இரண்டாம் சுற்று: காற்று

கம்ப்ரசர் பிடிக்கிறது, குழாய் சில்லென்று இருக்கிறது, முகத்துக்குக் காற்று வரவில்லை. இதற்குக் கேஸோடு சம்பந்தமே இல்லை.

1. புளோயர் கூண்டைத் திறந்து பாருங்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் எலிக்கூடு, உதிர்ந்த பஞ்சு, பெயின்ட் ராவிய தூசி எல்லாம் கூலிங் காயிலில் அப்பியிருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே தட்டி எடுங்கள். தகடு வளைந்தால் காற்று அடைபடும்.

2. தண்ணீர் வடியும் ஹோஸ் தரைக்குக் கீழே வெளியே போகிறதா? புதிய கார்ப்பெட் போட்டவர் அதை மடக்கி உள்ளேயே அமுக்கியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கால் நனைகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

3. அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனால் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏ.சி.யை நிறுத்திப் புளோயரை மட்டும் பத்து நிமிடம் விட்டால் காற்று திரும்ப வரும். தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழாய் காயில் தகடுகளுக்குள் செருகியிருக்க வேண்டும். வேலை செய்தவர்கள் எடுத்துவிட்டுச் சும்மா தொங்கவிட்டிருப்பார்கள்.

4. பெடல் ஓட்டை, கியர் ராடு ஓட்டை, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் போன ஓட்டைகள், கதவு பீடிங். இன்ஜின் சூடு உள்ளே வர அம்பாசிடரில் வழிக்குப் பஞ்சமே இல்லை. ரப்பர் கிராமெட்டும் ஃபெல்ட்டும் போடுங்கள். கேபின் எவ்வளவு குளிர்கிறது என்பது இந்த மலிவான வேலையைப் பொறுத்தும்தான்.

மூன்றாம் சுற்று: சூடு வெளியே போகிறதா?

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் சுடுகிறது என்ற புகாருக்கு இங்கே வாருங்கள். கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அதற்கும் முன்னால் இரண்டு ஹாரன், இரண்டு ஃபாக் லைட், ஒரு கிளப் பேட்ஜ் என்று அழகுக்கு அடுக்கியிருந்தால் காற்று எப்படி உள்ளே போகும்? கன்டென்சருக்குத் தடித்த கருப்பு எனாமல் அடிப்பதும் இதே ரகம். துரு தடுக்க லேசாக ஒரு கை போதும்.

இன்ஜின் ஃபேன் மட்டும் போதாது. கன்டென்சருக்கு முன்னால் ஒரு எலக்ட்ரிக் ஃபேன் வையுங்கள், அது காற்றை ரேடியேட்டர் பக்கம் தள்ளுகிறதா என்று ஒரு காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள். வயர் மாறியிருந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி, இன்ஜின் ஃபேனோடு மல்லுக்கட்டும். இன்ஜின் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுடு இல்லையென்றால் தகரத்திலாவது ஒன்று அடித்து மாட்டுங்கள்.

*உள்ளூர் குறிப்பு:* ஆடிக் காற்றில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் வண்டி முகத்தைக் காற்றுக்கு எதிரே வைக்காதீர்கள். நம் பள்ளத்தாக்கில் அப்போது அடிக்கும் காற்றே கன்டென்சரைக் குளிரவைத்துவிடும், செத்த ஃபேன்கூட நன்றாக இருப்பதுபோலத் தெரியும். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் உண்மை தெரியவரும்.

நான்காம் சுற்று: கேஜ் என்ன சொல்கிறது?

மேலே சொன்ன மூன்றும் சரியென்றால் மட்டும் கேஜை எடுங்கள். நீல ஹோஸ் தடித்த குழாயில், சிவப்பு ஹோஸ் மெல்லிய குழாயில். மேனிஃபோல்டின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, வண்டி ஓடாமல் பாருங்கள். ஆர்-134ஏ என்றால் 25 டிகிரியில் சுமார் 80 பி.எஸ்.ஐ., 30-ல் 97, 35-ல் 114 இருக்க வேண்டும். இதைவிட வெகுவாகக் குறைந்தால் உள்ளே கேஸ் அநேகமாகக் காலி. கூடினால் காற்று கலந்திருக்கிறது, அல்லது வேறு ஏதோ வாயு. சரியாக இருந்தால் கேஸ் நிறைய இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் இதே அளவைத்தான் காட்டும்.

பிறகு கதவுகளைத் திறந்து வைத்து, புளோயர் முழு வேகம், இன்ஜின் 1500 சுற்று. 35 டிகிரி வெயிலில் நீல முள் 25 முதல் 40, சிவப்பு முள் 200 முதல் 250 வரை நின்றால் நல்லது. இல்லையென்றால்:

- இரண்டுமே குறைவு: கேஸ் குறைவு. லீக் தேடுங்கள்.
- இரண்டுமே அதிகம்: கன்டென்சரில் சூடு வெளியேறவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது காற்று கலந்திருக்கிறது. கன்டென்சர்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சிவப்பு முள் சட்டென்று இறங்கி ஏ.சி. குளிர்ந்தால் கோளாறு மூன்றாம் சுற்றில்தான்.
- நீலம் அதிகம், சிவப்பு குறைவு: கம்ப்ரசரின் உள்வால்வு தேய்ந்திருக்கிறது. கேஸ் ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது.
- நீலம் பூஜ்யத்துக்கும் கீழே: எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது டிரையர் அடைப்பு. கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு இப்படி ஆகி, நிறுத்தி வைத்தால் மறுபடி சரியானால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது வால்வு வாயில் ஐஸாகி அடைக்கிறது.
- நீலம் அதிகம், தடித்த குழாய் கம்ப்ரசர்வரை பனி பூக்கிறது: எக்ஸ்பான்ஷன் வால்வின் பல்பு குழாயை விட்டுக் கழன்றிருக்கிறது. கிளிப் போட்டு இறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

டிரையர் தலையிலுள்ள கண்ணாடியில் குமிழி ஓடினால் கேஸ் குறைவு என்பது ஆர்-12 காலத்துக் கணக்கு. ஆர்-134ஏ சரியான அளவில் இருக்கும்போதும் பால்போல் தெரியலாம். குமிழி மறையும்வரை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

லீக் தேடும் இடம்

கேஸோடு எண்ணெயும் வெளியே வரும், அதில் தூசி ஒட்டும். எனவே சோப்புக்கு முன் டார்ச்சைப் பிடியுங்கள். ஹோஸ் கிரிம்ப், ஓ-ரிங் மூட்டுகள், கன்டென்சரின் கீழ் ஓரம், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல். நீண்ட நாள் ஓடாத கம்ப்ரசரில் ஷாஃப்ட் சீல் காய்ந்து கசிவது சகஜம். (மார்கழியிலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடச் சொல்வது இதனால்தான்.) காலியான அமைப்பில் நைட்ரஜன் 150 பி.எஸ்.ஐ. வரை, அதற்கு மேல் வேண்டாம். ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் அதே வெப்பநிலையில் முள்ளைப் பாருங்கள்.

ஆர்-12-லிருந்து ஆர்-134ஏ-க்கு

1. பழைய மினரல் எண்ணெயைக் கம்ப்ரசரிலிருந்து முழுக்க வடியுங்கள். கன்டென்சர், கூலிங் காயில் இரண்டையும் ஃபிளஷ் செய்யுங்கள். கம்ப்ரசருக்குள்ளும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்குள்ளும் ஃபிளஷ் திரவம் போகக்கூடாது.
2. ஆர்-134ஏ மினரல் எண்ணெயைச் சுமந்து செல்லாது. பழைய அமைப்பின் மிச்சங்களோடு ஒத்துப்போவது எஸ்டர் எண்ணெய், அதையே போடுங்கள்.
3. எல்லா ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். ஹோஸ் பழசென்றால் ஆர்-134ஏ-க்கு ஏற்ற பேரியர் ஹோஸ் கிரிம்ப் செய்து வாங்குங்கள்.
4. டிரையர் புதிது, ஆர்-134ஏ-க்கு உரியது. அதன் மூடியைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள். பெயின்ட் வேலையின்போது மாதக்கணக்கில் வாய் திறந்து கிடந்த டிரையர் ஈரம் குடித்து முடித்திருக்கும். கழற்றிய குழாய் முனைகளை அன்றே பிளாஸ்டிக் மூடியால் அடைக்கச் சொல்ல வேண்டியது பெயின்ட் ஷெட்டில் விடும் அன்றைக்கு.
5. ஏற்ற வேண்டிய அளவு பழைய எடையில் 80 முதல் 85 சதவீதம். ஸ்டிக்கரில் ஆர்-12 900 கிராம் என்றிருந்தால் 720 முதல் 765 கிராம். தராசு வைத்து ஏற்றுங்கள்.

வேக்கமும் சார்ஜும்

வேக்கம் குறைந்தது 45 நிமிடம். கடல்மட்டத்தில் முழு வேக்கம் 29.9 அங்குலம். தேனி வட்டாரம் சுமார் 300 மீட்டர் உயரம், அதனால் இங்கே முள் 29-ஐத் தாண்டாது, அதற்காகப் பம்பைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் 27-லேயே நின்றுவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 30 டிகிரியில் உள்ளிருக்கும் ஈரம் கொதித்து ஆவியாக முள் 28-ஐ நெருங்கியாக வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைப் பம்பாக வைத்து வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெயிலில் நிறுத்தி வேக்கம் போடுவது நல்லது, ஈரம் சீக்கிரம் வெளியேறும். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் முள் அசையாமல் இருந்த பிறகே கேஸ்.

1. மஞ்சள் ஹோஸிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள்.
2. இன்ஜினை ஓடவிட்டு, நீல வால்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஏற்றுங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும். கவிழ்த்தால் திரவம் போய்க் கம்ப்ரசர் உடையும்.
3. இன்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் தொடவே கூடாது. கம்ப்ரசரின் அழுத்தம் சிலிண்டருக்குள் திரும்பிப் பாய்ந்து அது வெடிக்கலாம்.
4. சிலிண்டர் ஆறிப்போய்க் கேஸ் ஏறாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். தீயில் காட்டாதீர்கள்.
5. எடை வந்ததும் நிறுத்துங்கள். “இன்னும் கொஞ்சம் போட்டா இன்னும் குளிரும்” என்பது நடக்காது, சிவப்பு முள்தான் ஏறும்.

ஏற்றி முடித்ததும் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த எண்ணெய், என்றைக்கு. அடுத்து கை வைப்பவருக்கு இது உதவும், அது நீங்களாகவே இருந்தாலும்.

ரோட்டில் ஒரு சோதனை

நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகி, மதியத்தில் கம்பம் ரோட்டில் கிளம்புங்கள். 35 டிகிரி வெயிலில் 8 முதல் 14 டிகிரிக்குள் காற்று வந்தால் அந்தக் காலத்து வண்டிக்கு அதுவே நல்ல மார்க். சின்னமனூர் கடைவீதியில் நின்று நின்று போகும்போது எத்தனை டிகிரி ஏறுகிறது, தண்ணீர்ச் சூடு முள் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு டிகிரிக்கு மேல் ஏறினால் கன்டென்சர் ஃபேனுக்குத் திரும்புங்கள்.

குமுளிக்குப் போவதானால் லோயர் கேம்ப்பில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு மலை ஏறுங்கள். இரண்டாவது கியரில் இழுக்கும் 1489 சி.சி. இன்ஜினுக்குக் கம்ப்ரசரையும் சேர்த்துச் சுமக்கத் தெம்பு இருக்காது, ரேடியேட்டர் பொங்கிவிடும். மேலே போய்ச் சேர்ந்தால் ஏ.சி.யும் வேண்டியிருக்காது, கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும்.